புபூசா தட்டிய கொத்தனார்

என் அக்கா புருஷன் நிக்கானோர் கொத்தனார். சான் விசெந்தே போகிற சாலையில் அவர் எழுப்பிய சுவர்கள் பூகம்பத்துக்கும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்னால் யாரும் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை, புபூசாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் ஸோய்லா, அவருடைய மச்சினி. எனக்கு இதில் பெருமை உண்டு. அதை மூடி மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

பஸ் நிறுத்தத்தில் இருக்கிற புபூசாக் கடை அக்கா ஒத்திலியாவுடையது. சோள மாவை உருட்டிக் குழித்து, பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டிக் கல்லில் போட்டுப் புபூசா சுடுவாள். ஓரம் ஒன்றுகூடப் பிளக்காது. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்போம், பெண்களைத் தோன்யா என்போம். மாலை பஸ் ஓட்டுகிற தோன் எவேலியோ அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் சாப்பிடுகிற நேரத்தில் பயணிகளும் ஜன்னல் வழியாகக் கைநீட்டி வாங்குவார்கள். கடையின் பாதி வியாபாரம் அந்த ஒரு பஸ்தான்.

மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்த டாக்டர், இனி இந்தக் கை மாவு தட்டாது என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்ததும் கடையை மூடச் சொன்னாள்.

"நான் தட்டறேன்," என்றார் அத்தான்.

"நீயா? என் பேரைக் கெடுக்கவா?"

எங்கள் ஊரில் ஆண்கள் புபூசா தின்பார்கள், தட்ட மாட்டார்கள். கேட்டால் ஆம்பளைக் கை சூடு, மாவு கெட்டுவிடும் என்பார்கள். தட்டை நீட்டும்போது மட்டும் அந்தச் சூடு எங்கே போகுமோ தெரியவில்லை. அத்தான் யாரிடமும் வாதாடவில்லை. சிமெண்டில் வெடித்த கைகளுக்குக் கொழுப்பைத் தடவி ஊறவிட்டார். மறுநாள் அக்காவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கல் முன்னால் நின்றார்.

ஊர் சும்மா இருக்குமா?

"நிக்கானோர், இதைத் திங்கணுமா, இல்ல பூசணுமா?"

"நடுவுல கம்பி வச்சுக் கட்டியிருக்கீங்களா?"

அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. முதலில் வந்ததெல்லாம் தடித்தடியாக இருந்தது, பீன்ஸ் பிதுங்கிக் கல்லில் ஒட்டித் தீய்ந்தது. தோன் எவேலியோ இறங்கி வந்தார். கல் முன்னால் நிற்பது யாரென்று பார்த்தார். "ஆம்பளை தட்டினதை நான் திங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஆளை இறக்கிவிட மட்டும்தான் பஸ் நின்றது. இப்படியே போனால் கடை தாங்காது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அக்கா பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஆனால் காது முழுக்கக் கடையில்தான். அத்தான் தட்டுகிற சத்தத்தை வைத்தே உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"யோவ், தண்ணி ஜாஸ்தி. சொதசொதன்னு கேக்குது."

"சரி."

"அவசரப்படாதே. நடுவுல தட்டறே, ஓரத்துக்கு வா."

"சரி தாயே."

வாரக்கணக்கில் இதே கூத்து. ஒருநாள் சாயங்காலம் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள்.

"என்னக்கா, இன்னிக்குத் திட்டே காணோம்?"

"திட்ட ஒண்ணுமில்ல," என்றாள், வேண்டாவெறுப்பாக.

மறுநாளே எழுந்து கடைக்கு வந்து, தொட்டுக்கொள்ள ஊறவைத்த முட்டைக்கோஸை இடது கையால் தட்டுகளில் அள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஆனாலும் பஸ் பழையபடி நிற்கவில்லை.

பிறகு ஒரு பெருமழை. பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் தோன் எவேலியோவின் பஸ் எங்கள் கடை முன்னால் மாட்டிக்கொண்டது. சாரலுக்காக அத்தான் கல்லைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார், வெளியே இருப்பவர்களுக்கு அவர் தெரியமாட்டார். நான் சூடாக இரண்டு புபூசாவைத் தட்டில் எடுத்துக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்குப் போனேன். பசியில் இருந்த மனுஷன் வாங்கிக்கொண்டார். யார் தட்டியது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

தின்று முடித்த கையோடு மழையில் இறங்கி, கடை முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவிடம் நேராக வந்தார்.

"தோன்யா ஒத்திலியா, கை சரியாயிடுச்சு போல. அதே ருசி. ஓரம் கொஞ்சங்கூடப் பிளக்கல, மேல முறுகலா இருந்துச்சு, இதுக்குத்தான் ஏங்கிக் கெடந்தேன். நாளையிலேர்ந்து பழையபடி வண்டிய நிறுத்தறேன்."

பஸ் ஜன்னல்களில் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையை ஆட்டினால் போதும், கடை பிழைத்துவிடும். தலையை ஆட்டச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் தார்ப்பாயைப் பிடித்து ஒதுக்கினாள். பூப்போட்ட ஏப்ரனோடு, கையில் மாவோடு, அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என் கை முடிஞ்சு போச்சு, தோன் எவேலியோ," என்றாள். மழைச் சத்தத்தையும் மீறிக் கடைசி சீட் வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்க தின்னது என் வீட்டுக்காரர் தட்டினது. என்னைவிட நல்லாத் தட்டறாரு. பஸ்ஸை நிறுத்தறதும் நிறுத்தாததும் உங்க இஷ்டம்."

தோன் எவேலியோ காலித் தட்டைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார்.

"தின்னு முடிச்சாச்சுல்ல, இன்னும் என்ன யோசனை?" என்று பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். "வழிய விடுங்க, நாங்களும் வாங்கணும்."

பஸ்ஸே சிரித்தது. தோன் எவேலியோ மீசையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்க, நிக்கானோர் கையாலேயே," என்றார்.

அத்தான் கல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரை ஒரு ஆள் காதில் விழும்படிகூடப் புகழ்ந்ததில்லை. அவர் புரட்ட மறந்து நின்றதில் கல்லில் கிடந்த புபூசாக்கள் ஒவ்வொன்றாகக் கருக ஆரம்பித்தன. எனக்கே தீய்ந்த வாடை வந்துவிட்டது, அக்காவுக்கு வராமல் இருக்குமா? அன்றைக்கு அவள் திட்டவில்லை. பக்கத்தில் போய், இடது கையால் அவற்றை ஒதுக்கிப் போட்டுவிட்டு, கல்லைத் துடைத்துக் கொடுத்தாள்.