சௌந்தரி அம்மையாரும் என் மாவு மில் வழக்கும்

வழக்கறிஞர் சௌந்தரி அம்மையார் காலமானார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நான் நம்புவதில்லை. அதிலும் அடுத்த மாதம் புத்ராஜெயாவில் என் வழக்கு விசாரணைக்கு வருகிறது. இந்த நேரத்தில் என் வழக்கறிஞரே இறந்துவிட்டார் என்றால், இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்றுதான் என் புத்தி போகும். அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய தம்பி எடுத்தார்.

"உண்மைதான் அண்ணே. காலையில எழுந்திருக்கல. ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாரு."

அப்புறம்தான் நம்பினேன். ஓடிக்கொண்டிருந்த மில்லை நிறுத்திவிட்டு மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். கிள்ளானில் மாவு மில் நடத்தும் நான் அந்தப் படி ஏறியதற்குக் காரணம் என் கடை. கடையின் பழைய உரிமையாளர், "வாடகை ஒழுங்கா கட்டற வரைக்கும் இது உன் எடம்தான்லா," என்று வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பிப் பின்கட்டு முழுவதையும் என் செலவில் எழுப்பி இயந்திரங்களைப் பொருத்தினேன். அவர் இறந்ததும் மகன் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். அதற்கும் இந்தக் கதி. மில் போனால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அம்மையார் முதலில் கேட்டது இதுதான்: "அவரு அப்படிச் சொன்னது நெஜமாண்ணே, இல்ல இப்ப யோசிச்சுச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன மேடம், என்னையே சந்தேகப்படறீங்க?"

"இங்க நான் சந்தேகப்படலன்னா, கோர்ட்ல அவங்க லாயர் படுவாரு. எது பரவால்ல?"

இது நம்ம ஆள் என்று அன்றே பட்டது. அந்த நினைப்பு முதல் விசாரணை வரைதான் தாங்கியது. முதல் படியான செஷன்ஸ் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு வாதாடியவர் திரு. ஜெயசிங்கம். வாய் திறக்கும்போதெல்லாம் அம்மையார் அவரை 'என் கற்றறிந்த நண்பர்' என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்டார். அவரும் அப்படியே சொன்னார். என் கடையைப் பிடுங்க வந்தவர் இவருக்கு நண்பரா? வெளியே வந்ததும் கேட்டேன்.

"அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம் அண்ணே. ஆளைக் கிழிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் சொல்லணும்."

சரி என்று விட்டேன். ஆனால் அன்று மதியம் இருவரும் ஒரே மேசையில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஜெயசிங்கம் தமக்கு வந்த அப்பளத்தை அம்மையாரிடம் தள்ளினார். அம்மையாரும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். தூண் ஓரமாய் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் மகன் சாட்சிக் கூண்டில் ஏறினார். அப்பா தந்த வாக்கைப் பற்றி அம்மையார் குடைவார் என்று பார்த்தால், சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டு எழும்பும்போது நீங்கள் வந்ததுண்டா? அப்பாவோடு வந்து பார்ப்பேன், என்றார் மகன். வேண்டாம் என்று அப்பா தடுத்தாரா? இல்லை. நீங்கள்? இல்லை. இதையே திருப்பித் திருப்பிக் கேட்டதில் நீதிபதிக்கே சலிப்புத் தட்டியது. வேண்டுமென்றே நேரத்தை ஓட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். தீர்ப்பும் எனக்கு எதிராகவே வந்தது.

நேரே மாடி ஏறிப் போய்க் கேட்டேன். "அவங்ககிட்ட விலை போயிட்டீங்களா மேடம்?"

வேறு வழக்கறிஞராய் இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார். அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"சந்தேகப்படறது தப்பில்லண்ணே. கோர்ட்டே தன்னை முழுசா நம்பறதில்ல. அதான் மேல ஒரு கோர்ட்டு, அதுக்கும் மேல ஒண்ணுன்னு வச்சிருக்கு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். கெடு முடியறதுக்குள்ள அப்பீல் போடறோம். ஆனா அப்பீல் போட்டா கடைக்குப் பாதுகாப்புன்னு நெனச்சுக்காதீங்க. அப்பீல் முடியற வரைக்கும் காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு தனியா ஸ்டே வாங்கணும்."

வாங்கியும் கொடுத்தார். எனக்கு உற்சாகம் வந்து, பின்கட்டு கட்டும்போது கல் இறக்கிய லோரிக்காரரைச் சாட்சி சொல்லப் பந்திங்கில் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். அம்மையார் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"மேல்கோர்ட்ல சாட்சியெல்லாம் திரும்ப ஏற மாட்டாங்க. புது சாட்சியை லேசுல சேர்க்கவும் விட மாட்டாங்க. கீழ பேசினது அத்தனையும் பதிவாகியிருக்கு. அதை வச்சுத்தான் வாதம். யாரை நம்பறதுன்னு கீழ இருக்கற ஜட்ஜ் முடிவு பண்ணிட்டா, மேல உள்ளவங்க சுலபமா அதுல கை வைக்க மாட்டாங்க. சட்டத்தைப் பொருத்தினதுல பிசகு இருந்தா வைப்பாங்க."

வலிய வந்த சாட்சியைத் திருப்பி அனுப்பும் வழக்கறிஞரை யார் நம்புவார்? நானும் நம்பவில்லை. ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் கைகட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாட்சிக் கூண்டு காலி. நீதிபதியும் இரண்டு வழக்கறிஞர்களும் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் ஒரு பக்கத்தைச் சொல்லிப் படித்துக் காட்டினார். மகனுடைய அதே பதில்கள். வாக்கை நம்பி ஒருவன் தன் சொத்தைக் கொட்டிக் கட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு வெளியே போ என்பது நியாயமா என்று மட்டும் கேட்டு உட்கார்ந்தார். கடை எனக்கு நிலைத்தது.

வெளியே வந்து ஜெயசிங்கத்தோடு கை குலுக்கினார். அப்போதும் அந்த அப்பள விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இன்றும் இல்லை. அதை அவரிடமே சொன்னபோது, "அப்படியே இருங்கண்ணே. உங்களை மாதிரி ஆளுக்கு வாதாடறப்ப நானும் தூங்காம இருப்பேன்," என்றார்.

எதிர்த்தரப்பு விடவில்லை. புத்ராஜெயாவில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். செஷன்ஸில் தொடங்கிய வழக்குக்கு அதற்கு மேல் படி கிடையாது, எதுவானாலும் அங்கே முடிந்துவிடும் என்று அம்மையார் சொல்லியிருந்தார். அந்தக் கடைசிப் படியில்தான் என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டார்.

சாலாக் செலாத்தானில் அவருடைய வீட்டு ஹாலில் பெட்டியை வைத்திருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். அம்மையாருக்குக் கறுப்பு அங்கி இல்லை, அரக்கு நிறப் பட்டுச் சேலை. மாலையோடு வந்த ஜெயசிங்கம் அதை அவர் காலடியில் வைத்தார். பிறகு என்னருகில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"புது லாயர் வச்சு ஃபைல் படிக்க டைம் வேணும் உங்களுக்கு. தேதி தள்ளிக் கேளுங்க. எங்க சைட்ல அப்ஜெக்‌ஷன் சொல்ல மாட்டோம்."

உடனே மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. இவருக்கு இதில் என்ன லாபம்? தள்ளிப்போட வைத்து என்ன செய்யப் பார்க்கிறார்? பெட்டிப் பக்கம் திரும்பி, "மேடம், இவரு சொல்றதை நம்பலாமா?" என்றேன்.

சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஹாலில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அம்மையார் கண்மூடிப் படுத்திருந்தார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. ஜெயசிங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விலகவில்லை.

போய் வாருங்கள் மேடம். புத்ராஜெயாவுக்கு நான் போகிறேன். எல்லாரையும் சந்தேகப்பட எனக்குத் தெரியும். இனி யாரிடம் கேட்டுவிட்டு நம்புவது என்றுதான் தெரியவில்லை.