ஒழுகிய வண்டிக்கு நான் சொன்ன ‘நல்லா இருக்கு’

2005ஆம் ஆண்டு கோடைகாலம். ஜேர்மனியில் எசன் நகரில் நாங்கள் குடியேறிப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம்தான் நாங்கள் ஒரு வோன்வாகன் வாங்கினோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் இருக்கும். விடுமுறை வந்தால் ஜேர்மன்காரர் அதை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரை, கடற்கரை என்று போய்விடுவார்கள்.

எனக்கு அதில் ஆசை வந்ததற்கு முதல் காரணம் வயிறுதான். ஹோட்டலில் தங்கினால் காலையிலும் பாண், மத்தியானமும் பாண். மூன்றாம் நாள் என் கணவரின் முகம் சுருங்கிவிடும். பிள்ளைகள் இருவரும் சோறு எங்கே என்று கேட்கத் தொடங்குவார்கள். அடுப்பையும் கையோடு கொண்டுபோனால் கடற்கரையில் இருந்துகொண்டே மீன்குழம்பு வைக்கலாமே என்று நான் கணக்குப் போட்டேன்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே தலைமைச் சமையற்காரி ஒரு ஜேர்மன் பெண்மணி. வருடம் முழுவதும் சனி, ஞாயிறு என்றால் வோன்வாகனில்தான் இருப்பார். அவர் என்னிடம் பாவித்த வண்டியாகப் பார்த்து வாங்கச் சொன்னார். பழைய வண்டி என்றால் ஒழுகுகிற இடமெல்லாம் முதலே ஒழுகி, யாரோ அதைத் திருத்தியும் இருப்பார்கள் என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கட்டில், சோபா, குளிர் உடுப்பு என்று எல்லாம் யாரோ பாவித்துக் கழித்ததைத்தான் பாவித்தோம். ஒன்றாவது புத்தம் புதிதாக, பிளாஸ்டிக் உறை கழற்றாமல் என் கைக்கு வரவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கணவர் இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார்.

புது வண்டி வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து, தெரிந்த நான்கு குடும்பங்களை அழைத்து, அந்த வண்டிக்குள்ளேயே பால் காய்ச்சினேன். புது வீட்டுக்குச் செய்வதுபோலத்தான். வாகனத் தரிப்பிடத்தில் பட்டுச் சேலையோடு நின்ற எங்களைப் பார்த்து, நாயோடு நடை போனவர்கள் நின்று நின்று போனார்கள். வந்தவர்களில் ஒருவர், வீடு வாங்குவார்கள் என்று பார்த்தால் சில்லு வைத்த பெட்டி வாங்கியிருக்கிறார்கள் என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுட்டது.

ஆடி மாதம் மோசல் ஆற்றங்கரைக்குப் போனோம். முதல் நாள் இழுப்பறை ஒன்றைத் திறந்தேன். இழுப்பறை உள்ளே நிற்க, முன்பலகை மட்டும் என் கையோடு வந்தது. அடுத்த நாள் கட்டிலுக்கு மேலே இருந்த அலுமாரி, அரிசி, பருப்பு, கறித்தூள் டப்பா எல்லாவற்றோடும் கீழே விழுந்தது. நல்லகாலம், அந்த நேரம் கட்டிலில் ஒருவரும் இல்லை. என் கணவர் தும்மித் தும்மிக்கொண்டே பார்த்தார். மெல்லிய ஒட்டுப்பலகையில், அரை விரல் நீளம்கூட இல்லாத நான்கு திருகாணியில் அந்த அலுமாரியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மழை. முன் யன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேருகிற மூலையில் ஒரு துளி நீர் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பின்னேரம் கீழே சோற்றுப்பானையை வைத்தோம்.

கணவர் உடனே வியாபாரிக்கு ரெலிபோன் எடுக்கலாம் என்றார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவர்கள் வண்டியைத் திருத்தவென்று வாங்கி வைத்துக்கொண்டால் எங்கள் தரிப்பிடம் கோடை முழுக்க வெறுமையாகக் கிடக்கும். பால் காய்ச்சியபோது வந்தவர்கள் எங்கே உங்கள் வண்டி என்று கேட்பார்கள். சில்லு வைத்த பெட்டி என்று சொன்னவர் முதலாவதாகக் கேட்பார். அந்த ஒரு முகத்துக்காக நான் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கடையில் சிலிக்கோன் குழாய்கள் வாங்கி வந்து, வெளியே அந்த மூலை முழுவதும் அப்பினார். உள்ளே சுவரில் பிடித்த மஞ்சள் கறைக்கு மேலே நான் ஒரு சாமிப் படக் கலண்டரைக் கொழுவினேன். விழுந்த அலுமாரியைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டோம். வண்டி எப்படி என்று யார் கேட்டாலும், நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கியது.

என்னோடு சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தபோது பாஷை தெரியாமல் முழித்த நாட்களில், என் பிழைகளைத் தன் பிழை என்று ஏற்றுக்கொண்டு என்னைக் காப்பாற்றியவர். அவருக்கு ஒரே மகள், பதினொரு வயது. அந்தப் பிள்ளைக்குத் தொய்வு வருத்தம். ஈரமும் தூசியும் பட்டால் மூச்சுத் திணறும். கடற்காற்று நல்லது, அடிக்கடி கூட்டிக்கொண்டு போங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். என் வண்டி எப்படி என்று அக்காவும் ஒருநாள் கேட்டார். எல்லோருக்கும் சொன்னதையே அவருக்கும் சொன்னேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இருவரும் அவித்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

“நாங்களும் ஒண்டு சொல்லிட்டம். உன்ரை வண்டி மாதிரியேதான், அதே கடையிலைதான். சனிக்கிழமை போய் எடுக்கிறம். உன்னட்டைக் கேட்டதெண்டு சொன்னாப் பிறகுதான் இவரும் ஓமெண்டவர்.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் நான், நல்லதக்கா, சந்தோஷம் என்றேன். அவர்களுக்கு வரும் வண்டி நன்றாக இருக்கலாம், எங்களுடையது மட்டும் பிழையாகச் செய்யப்பட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமையும் கிழங்கு உரித்தோம். மகளின் கட்டிலுக்கு எந்த நிறத்தில் விரிப்பு வாங்கலாம் என்று அக்கா கேட்டார். வெளிர்நீலம் நல்லது என்று நான் சொன்னேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே எங்கள் வண்டிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஈரச்சாக்கு மணம். கலண்டரைக் கழற்றினேன். கறை இரண்டு மடங்காக விரிந்திருந்தது. விரலால் அழுத்தினால் சுவர் பிட்டுப்போல உள்ளே போனது. அந்த மூலையில் என் மகன் படுக்கிற மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அக்கா வாங்கப் போகும் வண்டியிலும் இதே இடத்தில்தான் சின்னக் கட்டில். வெளிர்நீல விரிப்பில் அந்தப் பிள்ளை படுத்திருப்பதுபோல ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பயந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரி விழுந்தது, மழை ஒழுகியது, சிலிக்கோன், கலண்டர், பூஞ்சணம், ஒன்றும் விடவில்லை. அக்கா போட்டிருந்த ஒரு கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். எப்போதும் என்னை நீ என்று பேசுகிறவர், அன்று நீங்கள் என்றார்.

“வண்டி ஒழுகினதை நான் விடுவன். என்ரை பிள்ளை அதுக்குள்ளை படுக்கப்போகுது எண்டு தெரிஞ்சுகொண்டு, மூண்டு நாள் எனக்குப் பக்கத்திலை நிண்டு கிழங்கு உரிச்சனீங்கள். அதை என்னண்டு விடுறது?”

அழுகை வந்தது, ஆனால் அழுதால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டேன். அக்கா அன்று முழுக்கப் பாத்திரம் கழுவும் பக்கத்தில் நின்றார். வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காவிடமிருந்து ரெலிபோன் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைக்கு வரவேண்டும், எங்கெங்கே பார்க்கவேண்டும் என்று நான்தான் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போனேன். வியாபாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கோப்பி தந்தார், கையெழுத்துப் போடவேண்டிய ஒப்படைப்புத் தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தார். பேனாவைத் தொடவேண்டாம் என்று அக்காவின் கணவரிடம் தமிழில் சொல்லிவிட்டு நான் வண்டிக்குள் ஏறினேன். ஒவ்வொரு அலுமாரியையும் பிடித்துத் தொங்காத குறையாக ஆட்டிப் பார்த்தேன். இழுப்பறைகளைப் பத்துப் பத்துத் தரம் இழுத்தேன். பிறகு வியாபாரியிடம், குழாய் போட்டுக் கூரையின் முன்பக்கத்துக்கு அரை மணித்தியாலம் தண்ணீர் அடிக்கவேண்டும் என்றேன். முந்தின இரவு தலைமைச் சமையற்காரிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டு அறிந்துகொண்ட வழி அது. இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்று வியாபாரி சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. தானே குழாயைப் பிடித்தார்.

நாங்கள் மூவரும் உள்ளே நின்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. கால் மணித்தியாலமும் ஒன்றும் இல்லை. அக்காவின் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், ஒழுகக்கூடாது என்று நான் நேர்ந்துகொண்டு நின்றேன். ஒழுகாவிட்டால் என் குற்றம் கொஞ்சம் சின்னதாகிவிடும் அல்லவா? இருபது நிமிடம் ஆனபோது அக்கா கையை நீட்டி மூலையைத் தடவினார். விரல் நனைந்திருந்தது. அதை அப்படியே வெளியே கொண்டுபோய் வியாபாரியிடம் காட்டினார். அவருடைய சிரிப்பு நின்றது.

அக்காவும் கணவரும் கையெழுத்துப் போடவில்லை. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் அடைப்புப் பசை சரியாகப் போடப்படவில்லை என்று வியாபாரியே பிறகு ஒத்துக்கொண்டார். ஐந்து கிழமை எடுத்து அந்த மூலையைக் கழற்றித் திரும்பச் செய்து, அலுமாரிகளையும் பலப்படுத்தி, மறுபடி தண்ணீர் அடித்துக் காட்டித்தான் வண்டியைக் கொடுத்தார். இன்றுவரை அது ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

எங்கள் வண்டியை அந்தச் சனிக்கு அடுத்த கிழமையே அதே கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த திருத்துநர் சிலிக்கோனைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். ஈரம் அளக்கும் சின்னக் கருவியைச் சுவரில் வைத்து வைத்து, வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். வியாபாரி கோபப்படாமல் விளக்கினார். குறை சொல்வது உங்கள் உரிமை, திருத்தித் தருவது என் கடமை. ஆனால் முதலில் என்னிடம் விட்டிருக்க வேண்டும். நீங்களே கண்டபடி அப்பியதால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் போய்விட்டது, இதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றார். நாங்கள் கை வைக்காத அலுமாரிகளை மட்டும் செய்து தந்தார். கடைசியில், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவருக்கு நான் என்னவென்று சொல்வேன்? அகதியாக வந்த காலத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டால், ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லம் என்றுதான் சொல்லிப் பழகினோம். குறை சொன்னால் விசாவில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் போன பிறகும் வாய் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி என் வீண் பெருமை. அதை ஜேர்மன் பாஷையில் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழிலும் அன்று வந்திருக்காது.

அக்கா அந்த மாரிகாலம் முழுக்க என்னோடு வேலைக்கு வேண்டிய கதை மட்டும்தான் கதைத்தார். நான் சமாதானம் கேட்டுப் பின்னால் திரியவில்லை, திரியும் தகுதி இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் தன் மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியவீட்டுக்குச் சொல்ல அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, நாங்கள் முன்பு ஒரு கொண்டாட்டத்துக்குச் சாப்பாடு எடுத்த ஆளைப் பற்றி விசாரித்தார். எப்படி, நல்லாச் செய்வாரோ என்றார். நல்லாச் செய்வாரக்கா என்றேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உண்மையாத்தானே?”

கொஞ்சம் யோசித்தேன். வடையும் கறிகளும் நல்லம், ஆனால் சோறு ஆறித்தான் வந்தது, நேரத்துக்கும் வரமாட்டார் என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார்.

எங்கள் வண்டியை ஈரமணத்தோடேயே ஆறு வருடம் பாவித்துவிட்டுக் கழித்துவிட்டோம். அந்த மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. அக்காவும் நானும் பழையபடி நல்ல சிநேகிதம். ஆனால் பல்வைத்தியரைப் பற்றிச் சொன்னாலும் சரி, புடவைக்கடையைப் பற்றிச் சொன்னாலும் சரி, இன்றும் அவர் என்னிடம் உண்மையாத்தானே என்று ஒருதரம் கேட்பார். அவர் அதைக் கோபத்தில் கேட்பதில்லை, மற்றவர்களிடம் கேட்பதும் இல்லை. எனக்கும் அதில் கோபம் வருவதில்லை. ஒரு நிமிடம் நின்று, நான் சொன்னதை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஓமக்கா என்கிறேன்.