கண்டக்டரம்மாவின் காலைச் சண்டை

“லிப்டா இது? ஏறுறவங்க எல்லாம் ஏறியாச்சு. இன்னும் எந்த மாப்பிள்ளைக்காகக் கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க?”

“அவசரம்னா படியில போங்கம்மா.”

“நான் படியில போறதுக்கா உங்களுக்கு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்காங்க?”

லிப்ட்காரர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவளும் இல்லை. இரண்டாவது மாடியில் அவருடைய மீசை சந்திக்கு இழுக்கப்பட்டது; அதற்குப் பதிலாக அவளுடைய குரல் இழுக்கப்பட்டது. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும், விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள்போல இருவரும் முகம் மலர்ந்து பிரிந்தார்கள். அவள் நேராகத் தாய்ப்பால் எடுக்கும் அறைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு மார்பில் பம்பை வைத்தாள். புட்டியில் பால் தாராளமாக இறங்கியது.

அவள் நகரப் பேருந்தில் கண்டக்டர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கண்டக்டரம்மா. கல்யாணமாகி வெகுகாலம் காக்கவைத்துவிட்டு வந்த பிள்ளை, வரும்போது மட்டும் அவசரப்பட்டு, நாள் நிறையுமுன்பே வந்துவிட்டான். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறான். மூக்கில் குழாய், காலில் ஒயர், தலையில் தலையைவிடப் பெரிய குல்லாய். அவனைத் தூக்க முடியாது, மடியில் போட முடியாது. அவளால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: வேளாவேளைக்குப் பால் எடுத்துக் கொடுப்பது. அதற்காகத்தான் கீழ்த்தளத்தில் அம்மாக்களுக்கான கூடத்தில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஆள் குள்ளம், குரல் நெட்டை. எதை எடுப்பதற்கு முன்னாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். டிக்கெட் கிழித்த கை, சும்மா இருக்காது. “கழுவின கையை வாயில வெச்சா எப்படிம்மா? போய் மறுபடி கழுவுங்க” என்று தலைமை நர்ஸ் விரட்டுவாள். திரும்பி வருவாள். பஞ்சை எடுக்கும்போது கட்டைவிரல் மறுபடியும் நாக்குக்குப் போகும். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் கும்பல் சேர்ந்தால், “முன்னால தள்ளிப் போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு” என்று ஒரு குரல் கொடுப்பாள். அத்தனை அம்மாக்களும் ஏனென்று கேட்காமல் தள்ளிப் போவார்கள்.

சிலருக்குத் தூக்கம் ஓய்வு, சிலருக்குப் பாட்டு. அவளுக்குச் சண்டை. ஆனால் கண்டபடி போடுகிற சண்டை அல்ல. சாபம் விடக் கூடாது, அடுத்தவர் பிறந்த வீட்டை இழுக்கக் கூடாது, நேற்றைய சண்டையைச் சூடுபண்ணி இன்றைக்குப் பரிமாறக் கூடாது. “பஸ்ஸுல போடுற சண்டை அடுத்த ஸ்டாப்புல எறங்கிடணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அதுக்குப் பேரு சண்டை இல்ல, பகை” என்பாள். வீட்டில் அவளுக்கு அந்தச் சுகமும் இல்லை. புருஷன் தச்சுவேலை செய்கிறவர், வாய் திறக்காத புண்ணியவான். “அவரோட சண்டை போடுறதுக்குச் சுவத்துல பந்தடிக்கலாம். பந்தாவது திரும்பி வரும்.”

இந்த லட்சணத்தில் இருந்தவளுக்கு மனசை லேசாக்கக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரி ஏற்பாடு. வாரத்தில் சில நாள் வந்து, குறைமாதப் பிள்ளைகளின் அம்மாக்களைச் சுற்றி உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார். மூச்சு டீச்சர் என்று பேர். ஒரு குட்டி ஸ்பீக்கரில் கடல் அலைச் சத்தத்தைப் போடுவார். போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் பாதிப் பேருக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். டீச்சர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. எறும்பு கடித்தால்கூட எறும்பிடம் மன்னிப்புக் கேட்பார் என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள்.

“கண்ணை மூடுங்க” என்றார் டீச்சர்.

“கண்ண மூடினா யாரு எறங்கினாங்க, யாரு டிக்கெட் எடுக்கலன்னு எப்படித் தெரியும்?”

“இங்க யாரும் இறங்கப் போறதில்லை. மனசைக் காலியா வெச்சுக்கங்க.”

“காலி வண்டி ஓட்டினா டிப்போவுல திட்டுவாங்க டீச்சர்.”

கூடம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து டீச்சரும் தோற்றார்.

அவளுடைய பால் கணக்கின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் பால் அறையின் இளைய நர்ஸ். லிப்ட் பழுதாகிக் கிடந்தபோது கண்டக்டரம்மாவின் புட்டி பாதிகூட நிரம்பவில்லை. லிப்ட் ஓட ஆரம்பித்ததும் பழையபடி நிரம்பியது. நர்ஸ் யோசித்தாள்; போய் லிப்ட்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கதவைத் தாமதமாகச் சாத்துவதை ஒரு கடமையாகவே செய்தார். அவர் லீவு போட்டால் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு வம்புக்கு இழுத்தார்கள். ஒருத்தி அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள், இன்னொருத்தி அவள் படுத்திருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பாள். அவளுக்குத் தெரியாதென்று எல்லோருக்கும் நினைப்பு. ஏறும்போதே முகத்தைப் பார்த்து, இவன் டிக்கெட் எடுக்க மாட்டான் என்று சொல்கிறவளுக்கு இதுவா தெரியாது? தெரிந்துதான், மனசு நிறையச் சண்டை போட்டாள்.

அப்புறம் பிள்ளைக்குக் கிருமி கண்டது. உடம்பு சூடாகி, மூச்சு திணறி, பாலை நிறுத்திவிட்டு மருந்தாக ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் பண்ணினாள். “பஸ்ஸுல நீ கத்தின கத்துல வயித்துல இருந்த புள்ள பயந்து ஓடி வந்துடுச்சு. அங்கயும் போய்க் கத்திட்டு இருக்கியாமே. உன் வாய் அடங்கினாத்தான் அது பிழைக்கும்.” வெந்த புண்ணில் வேல். ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவள் போனை வைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை, விஷயம் தெரியாத லிப்ட்காரர் வழக்கம்போல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு மீசையை நீவினார்.

“பரவாயில்லண்ணே. மெதுவாவே போங்க.”

லிப்ட்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார். அவளை மேலே விட்டுவிட்டு, லிப்டை அப்படியே போட்டுவிட்டு நர்ஸிடம் ஓடினார். “சிஸ்டர், குழந்தைக்கு என்ன ஆச்சு?”

அம்மாக்கள் செருப்பை எடுத்தார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், ஒருத்தி அவள் தலையணையையே தூக்கிக்கொண்டு போனாள். “வெச்சுக்கம்மா” என்றாள் அவள். பம்பை வேளை தவறாமல் வைத்தாள். இறங்கியது கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு ஒன்றுமே இல்லை.

பிள்ளை கெட்டிக்காரன், தேறிவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, “இன்னிக்கே பால் ஆரம்பிக்கலாம். இவனுக்கு அம்மா பால்தான் மருந்து. மத்தியானத்துக்குள்ள கொஞ்சமாவது குடுங்க. இல்லேன்னா வேற ஏதாவதுதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை சந்தோஷமான சேதி! காலிப் புட்டியை வைத்துக்கொண்டு பால் அறையில் உட்கார்ந்திருந்தவளிடம் டீச்சரை அழைத்து வந்தாள் நர்ஸ்.

டீச்சர் ஸ்பீக்கரில் கடலைப் போட்டார். சொன்னதும் அவள் கண்ணை மூடினாள். இழுக்கச் சொன்னபோது இழுத்தாள், விடச் சொன்னபோது விட்டாள். இத்தனை நாள் டீச்சர் ஏங்கிய மாணவி. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது.

“நாத்தனார் சொன்ன மாதிரி, என் வாயாலதான் டீச்சர் அவனுக்கு இப்படியாச்சு.”

“அப்படியெல்லாம் இல்லைம்மா” என்றார் டீச்சர், பஞ்சு போன்ற குரலில். அது அவள் காதில் ஏறவே இல்லை. டீச்சர் என்ன செய்வதென்று தெரியாமல் கடலை அணைத்தார்.

“உங்க பஸ்... உங்க பஸ் சரியே இல்லை” என்றார்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர்.”

“கை காட்டினா நிக்கறதே கிடையாது. போன மழைக்கு என் மேல சேத்தை அடிச்சுட்டுப் போனீங்க. புதுத் துணி!”

ஒரு கண் திறந்தது. “எந்த ரூட்?”

“தபாலாபீஸ் ரூட்.”

“அது என் வண்டிதான். ஸ்டாப்புல நின்னீங்களா?”

“ஸ்டாப்புக்குப் பக்கத்துல. மரத்தடியில.”

மறு கண்ணும் திறந்தது. “மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான். பஸ்ஸுமா விடுவான்?”

“மழை பெய்யுது! நனைஞ்சுக்கிட்டு உங்க கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கணுமா?” டீச்சரின் குரல் உயர்ந்தது. ஆரம்பத்தில் நடிப்பாக இருந்திருக்கலாம். அந்தச் சேறு நினைவுக்கு வந்தபின் அது நடிப்பாக இல்லை.

“குடை இல்லியா?”

“இருந்துச்சு!”

“இருந்துச்சுன்னா விரிக்கணும். இல்ல, குடை நனைஞ்சுடும்னு மரத்தடிக்குப் போனீங்களா?”

“என்னைப் பாத்து உங்க டிரைவர் சிரிச்சார்!”

“அவரு மூஞ்சியே அப்படித்தான். அவரு அழுதாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்!” அவள் எழுந்து நின்றுவிட்டாள். வாசலில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். நர்ஸ் புட்டியோடு நெருங்கி வந்து, “டீச்சர், விடாதீங்க” என்று கிசுகிசுத்தாள். கண்டக்டரம்மாவின் மேல்துணி நனைந்திருந்தது.

“ஒரு வார்த்தை சொன்னா பத்து வார்த்தை பேசறீங்க!” டீச்சர் கத்தினார். “இந்த வாயை வெச்சுக்கிட்டு, நாத்தனார் சொன்னதுக்கு மட்டும் எதுக்குப் பயந்தீங்க? கிருமிக்கு ஏது காது? நீங்க கத்தினதைக் கேட்டுட்டா வந்துச்சு?”

இந்தப் பதில் இத்தனை நாளாகத் தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பம்பை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“சரி, அதை விடுங்க. ஸ்டாப்புன்னா ஸ்டாப்புதான்... என்ன டீச்சர், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது? மெதுவா இழுத்து விடுங்க. சண்டை எங்கயும் ஓடிப் போயிடாது.”

பால் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக.

நர்ஸ் அதைச் சிரிஞ்சில் ஊற்றி, பிள்ளையின் மூக்குக் குழாயில் பொருத்தி, அவள் கையிலேயே கொடுத்தாள். உயரத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்கும். அவள் கையை முழுசாக மேலே நீட்டினாள். பால் இறங்க இறங்க, கண்ணாடிக்குள் அவன் உதடு சப்புக்கொட்டியது.

“முடிஞ்சுது. கையை இறக்குங்கம்மா” என்றாள் நர்ஸ்.

அவள் இறக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதுபோலக் காலை அகட்டி ஊன்றி, காலிச் சிரிஞ்சைத் தலைக்கு மேலே பிடித்தபடி, பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.