பாங்குக்கு நிற்கும் குதிரை

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஜட்காவில் நீலசந்திராவுக்குப் போகிறேன். விடியாத பனியில் குதிரை திடீரென்று நின்றுவிடுகிறது. அப்போதுதான் பாங்கொலி காதில் விழுகிறது. ஒலிபெருக்கி இல்லாத ஒற்றை மனிதக் குரல், ஓட்டு வீடுகளுக்கு மேலே எழுந்து, நீண்டு, அடங்கி, மறுபடி எழுகிறது. எனக்கு மெய் சிலிர்க்கிறது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று வண்டிக்காரரிடம் கேட்கிறேன். அவர் நெற்றி நிறையத் திருநீறு.

“நான் எங்க சார் நிறுத்துனேன்? பாய் ஒருத்தர்கிட்ட வாங்குன குதிரை. பாங்கு முடியாம நகராது. தூக்கத்தவிடத் தொழுகை மேலுன்னு கூப்பிடறாங்களாம், அவர்தான் சொன்னாரு.”

“சாட்டையால தட்டினா?”

“மொத நாள் ஓங்குனேன் சார். அந்தக் குரலக் கேட்டதும் கை எறங்கிடுச்சு.”

குரல் ஓய்கிறது. குதிரை தானாக நடக்கத் தொடங்குகிறது. கொஞ்சம் நிறுத்தும்படி இப்போது நான் கேட்கிறேன்.