தறி நேரத்து மாத்திரை

கால் வீக்கத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரையைக் காலையில் நான் போடுவதேயில்லை. போட்டால் தறியை விட்டு அடிக்கடி எழுந்து ஓட வேண்டும். இதை ஆம்பிளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மாத்திரை போடுறீங்களா என்று கேட்டால் தலையாட்டிவிடுவேன். வீக்கமோ ஏறிக்கொண்டே போனது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மிஷின் நின்றது. அதன் கண்ணாடித் திரையைத் தொட்டதும் தமிழில் பேசியது. எந்த மாத்திரையை விடுகிறீர்கள் என்று படங்களைக் காட்டியது. முகமில்லாததிடம் என்ன வெட்கம்? நீர் மாத்திரையைத் தொட்டேன். ஏன் என்றது. ‘அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது’ என்பதையும் தொட்டேன்.

உள்ளே டாக்டர் மிஷின் அனுப்பியதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, இத்தினி நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தீங்களா? தறிய விட்டு எப்போ எறங்குவீங்க?”

“ரெண்டு மணிக்கு சார்.”

“அப்போ எறங்கினதும் போட்டுக்கோங்க.”

இப்போது மெட்டி விரலை இறுக்குவதில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அந்தக் கண்ணாடி எப்படித்தான் என்னிடம் கேட்டு வாங்கியதோ!