மேகத்தில் வந்த தாய்மாமன்

மே 16, 1953, சனி: இரவு ரயில், மூன்றாம் வகுப்பு, 7 வெள்ளி 80 காசு. பணம் திரும்பக் கிடைத்தது.
மே 17, 1953, ஞாயிறு: விமானம், 45 வெள்ளி.
கோலாலம்பூர்–சிங்கப்பூர், வான்வழி: ஏறத்தாழ 190 மைல்.

என் கணக்குப் புத்தகத்திலுள்ள இந்த வரிகளுக்கு உரியவன் சன்னாசி. புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. அவன் தங்கை கலாவதி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூத்த மகளுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு முகூர்த்தம். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டிய ஒரே தாய்மாமன் இவன்.

சனி மாலை கோலாலம்பூர் ஸ்டேஷனில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், ரயில் போகாது என்றார்கள். சீருக்கு வைத்திருந்த பணத்தில் விமானச் சீட்டு வாங்கினோம். கூட வந்த, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செல்லனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மேகத்துலயும் பால் வெட்டப் போறியாடா?”

சன்னாசி அவனைக் கவனிக்காமல் என்னிடம் கேட்டான். “எவ்வளவு நேரமாகும், கிராணி ஐயா?”

“ஒன்னரை மணி நேரம்டா.”

“அவ்வளவுதானா! மரத்தைச் சீவிட்டு மங்குல பால் நெறையக் காத்திருக்கிற நேரம்லா.”

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஒரு முறையும் மாற்றிச் சொன்னதில்லை. சத்தம் காதுக்குப் பழகிவிட்டதாம். கீழே பால்மரக் காடுகள், ஈரத் தலையை வாரிவிட்டாற்போல வகிடு வகிடாக ஓடினவாம். பிறகு மேகம். போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லையாம். செத்துப்போன அம்மா பக்கத்து இருக்கையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாளாம்.

எட்டரைக்குச் சிங்கப்பூரின் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கினான். மற்றவர்கள் வெளியேறினார்கள். சன்னாசி வாசலருகே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவசரகாலத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தப் பழக்கம். கை வலித்தால் இறக்கினான். யாராவது வந்தால் தூக்கினான்.

பத்து மணி நெருங்கும்போது, சுமை தூக்கும் தமிழர் ஒருவர் கடைசியில் கேட்டார். “யாருக்குண்ணே காத்திருக்கீங்க?”

“இன்னும் என்னைச் சோதிக்கலையே, தம்பி.”

“இங்க யாருண்ணே சோதிக்கப் போறா? மொதல்ல கெளம்புங்க!”

போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. வேறு யாரோ பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். கலாவதி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆகாயத்துல வந்தவருக்கு வாசல் தாண்டத் தெரியலையாம்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாளாம். இரண்டு வருடம் கடிதமில்லை.

1955-இல் அம்மாவுக்குப் படையல் போடக் கலாவதி தோட்டத்துக்கு வந்தாள். அப்போதும் அவனிடம் பேசவில்லை. மறுநாள் விடியலில் ஊருக்குக் கிளம்பியவள் வாசல் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. சோதனைக்காரி ஒருத்தி அவள் கொண்டையை அவிழ்த்து விரல்விட்டுப் பார்த்தாள். ஆண்கள் வரிசையில் சன்னாசி, யாரும் சொல்லாமலே கைகளைத் தூக்கியபடி நின்றான். கலாவதி அன்று பஸ் ஏறவில்லை. மதியம் அவனுக்குச் சோறு போட்டாள்.

அதன் பிறகு கடிதங்கள் வந்தன. சன்னாசிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். கடைசிக் கடிதம் சின்னது. “சின்னவள் கங்காவுக்குத் தை மாசம் கல்யாணம். நீ வந்து கையைப் பிடித்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறாள். வந்தால் திரும்ப வேண்டாம், எங்களோடேயே இரு அண்ணே.”

போனவன் திரும்பவில்லை. அந்தக் கடிதம் வந்தது 1957 டிசம்பர் 30, திங்கட்கிழமை.