சாமித் தட்டில் என் கண்

எங்கள் வீட்டுச் சுவரில் அடித்த சாமித் தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் நான் இருக்கிறேன். பதினோரு மாதக் குழந்தையாக அம்மாவின் மடியில். தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த படக்காரர் பளிச்சென்று ஒளி அடித்து எடுத்த படம் அது. வலது கண்ணின் நடுவில் சிவப்பு. இடது கண்ணின் நடுவில், பூனைக்கு டோர்ச் அடித்ததுபோல, வெள்ளையாக ஒரு வெளிச்சம். படத்தைப் பார்த்த பூசாரி, பிள்ளையின் கண்ணில் முருகன் இறங்கியிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அம்மா மறுநாளே தலவாக்கலைக்குப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பல் முளைத்து முடிவதற்கு முன்பே கற்பூரம் காட்டத் தொடங்கிவிட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அதுதான். இரண்டாவது, விஞ்ஞான ஆசிரியர் பதவி.

முருகன் அதிக நாள் தங்கவில்லை. இடது கண் ஒரு பக்கமாகத் திரும்பிச் சிவந்த பிறகு கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரை வயதில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதற்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. கவ்வாத்து மலையில் வெட்டிய தேயிலைக் குச்சி குத்திவிட்டது. சொன்னவர் அப்பா. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதுதான் அவர் தொழில் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது அந்தக் குச்சி விரல் நீளம். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தபோது முழங்கை நீளம். பெண் பார்க்கப் பூண்டுலோயாவுக்குப் போன நாளில் அது ஏறக்குறைய விறகாகிவிட்டது.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கவ்வாத்து மலையில் என்ன வேலை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதினோராம் ஆண்டுக்குப் பரம்பரை பற்றிய பிறப்புரிமையியல் படிப்பிக்கிறவன், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன், கேட்டதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான் என்பதால் என்னைத் திருத்த அங்கே ஆளும் இல்லை.

பிளாஸ்டிக் கண்ணால் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. சேர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாமல் கடைசி வாங்குப் பிள்ளைகள் அடங்கி இருப்பார்கள்.

போன வருடம் மகள் பிறந்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அப்பாவின் போக்கு சரியில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒருதரம், மலையிலிருந்து வந்ததும் ஒருதரம், டோர்ச்சை எடுத்துப் பிள்ளையின் கண்ணில் அடிப்பார். குனிந்து பார்ப்பார். டோர்ச்சை அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

“மாமா, புள்ளைக்கு கண்ணு கூசுங்க,” என்றாள் என் மனைவி.

“சும்மா பாக்குறேன் தாயி.”

“சும்மா பாக்க எதுக்கு டோர்ச்சு? களவாணிய தேடுற மாதிரி இருக்கு.”

பதினெட்டாம் நாள், பிள்ளையின் இமையை விரலால் விலக்கிக்கொண்டிருந்தபோது நான் கையும் டோர்ச்சுமாகப் பிடித்தேன். அப்பா வெளிச்சத்தை அணைத்தார். கொஞ்ச நேரம் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, குச்சி இல்ல,” என்றார்.

“எந்தக் குச்சி?”

“ஒன் கண்ணுல குத்துன குச்சி.”

அடுத்து அவர் சொன்னதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கண்ணுக்குள் இருந்தது புற்றுநோய். கண்ணை எடுத்த டொக்டர் அதை அவரிடம் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இந்தப் பையன் வளர்ந்து அவனுக்குப் பிள்ளை பிறந்தால், பிறந்த உடனே கொண்டுவந்து கண்ணைக் காட்ட வேண்டும்.

“இத இப்பவா சொல்றீங்க?” என்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

“புத்துநோய்னா பீலியில ஒங்கம்மாவ தண்ணி புடிக்க விடுவாங்களா? ஒட்டிக்கும்னு அப்ப அவ்வளவு பயம். அதான் குச்சின்னேன். கல்யாணத்துக்கு முந்தி சொல்லலாம்னு இருந்தேன். கல்யாணம் நின்னு போச்சுன்னா? சரி, புள்ள பொறக்கட்டும்னு இருந்தேன்.” டோர்ச்சைக் கீழே வைத்தார். “பொறந்திருச்சு.”

“டொக்டர் ஏதாச்சும் எழுதிக் குடுத்திருப்பாரே, அந்தத் துண்டு எங்க?”

அப்பா தாடையால் சாமித் தட்டைக் காட்டினார்.

கண்ணை எடுத்த வருடத்து மழையில் என் படத்தின் பின்னட்டை ஊறிப்போக, கெட்டியாக இருக்கிறதே என்று அம்மா ஆஸ்பத்திரி அட்டையை மடித்து வைத்து ஆணி அடித்திருக்கிறார். கத்தி முனையால் ஆணிகளைப் பிடுங்கினேன். ஆங்கிலத்தில் இருந்தது. நோயின் பெயர், எந்தக் கண், கடைசி வரியில் என் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பரிசோதிக்க வேண்டும் என்ற குறிப்பு. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் படத்தின் முன்பக்கம் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருடமாக நாங்கள் அதற்குத்தான் கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டு வந்திருக்கிறோம்.

மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள், “அப்ப நான் கவ்வாத்துக் குச்சிய நம்பித்தான் வாக்கப்பட்டு வந்தேனா?”

அவள் எழுந்து பிள்ளையின் துணிகளை ஒரு பையில் திணிக்கத் தொடங்கினாள்.

“முப்பத்தொண்ணாம் நாள் தீட்டு கழியாம புள்ளைய வாசல தாண்ட விடமாட்டேன்,” என்றார் அம்மா.

“தீட்ட வந்து கழிச்சுக்கலாம் மாமி. தள்ளுங்க, அந்த போர்வைய எடுக்கணும்.”

அம்மா தள்ளி நின்றார். ஆனால் பச்சைப்பிள்ளை இரும்பில்லாமல் வெளியே போகக் கூடாது என்று பையின் அடியில் எதையோ செருகினார். சிறு ஆணியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நால்வரும் புறப்பட்டோம். அப்பாவை நான் கூப்பிடவில்லை. அவர் வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். கொழும்பு ஆஸ்பத்திரி வாசலில் பாதுகாவலர் பையைத் திறந்தார். நாப்பி, போர்வை, பவுடர், அதற்கடியில் நன்றாகத் தீட்டிய கவ்வாத்துக் கத்தி ஒன்று. ஒரே வெட்டில் தேயிலைக் கட்டையைச் சாய்க்கும் கத்தி.

“மே மொகட்டத?” இது எதற்கு என்று கேட்டார் அவர்.

“யகாட்ட, மஹத்தயா,” என்றார் அப்பா. பேய்க்கு, ஐயா.

பாதுகாவலர் கத்தியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் என் பிளாஸ்டிக் கண்ணைப் பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு துண்டொன்றில் இலக்கம் எழுதித் தந்து உள்ளே விட்டார்.

டொக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். அரைத் தமிழும் முழுச் சிங்களமுமாக விளக்கினார். அவர் சொன்னதை அப்பாவுக்கு நான் தோட்டத்துத் தமிழில் இப்படித்தான் சொன்னேன்: கண்ணுக்குள் கலங்கள் பிரிந்து பிரிந்து பெருகும் வேலை நடக்கிறது. போதும் என்று நிறுத்த ஒரு பரம்பரை அலகு உண்டு. பதின்மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. ஒரு மலைக்கு இரண்டு கங்காணி மாதிரி. ஒருவர் பிறவியிலேயே தூங்குகிறவர் என்றாலும் மற்றவர் சமாளிப்பார். அவரும் ஒருநாள் கள்ளுக்கடைக்குப் போனால்தான் மலை கெடும்.

“அப்ப தூங்குற கங்காணிய ஒனக்கு குடுத்தது நானா?” என்றார் அப்பா.

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. பல நேரம் அந்த விகாரம் ஒரு பிள்ளையில் புதிதாகவே தொடங்கும், யாருடைய குற்றமும் இல்லை என்றார். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் பெரும்பாலானோர் அதைப் பிள்ளைக்குக் கடத்துவதும் இல்லை. ஆனால் நான் கடத்துகிற வகையாக இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வகுப்பில் இதைக் காட்ட நான் காசு சுண்டிவிடுவேன். பூவா தலையா என்று பிள்ளைகள் கத்துவார்கள். நல்ல பாடம் அது, வருடாவருடம் எல்லோருக்கும் பிடிக்கும்.

மகளின் கண்ணில் மருந்து விட்டார்கள். கருமணி விரிந்ததும் இமைகளைச் சிறு கம்பியால் பிரித்து வைத்து, தலையில் விளக்குக் கட்டிய டொக்டர் குனிந்தார். அவள் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினாள். மனைவி அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். நான் என் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடுவதில் எனக்குப் பாதி வேலைதானே.

வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணின் ஓரத்தில், பார்வைக்குத் தேவையான நடு இடத்திலிருந்து எட்ட, ஒரு புள்ளி. டொக்டர் தாளில் வட்டம் வரைந்து, விளிம்பில் பேனாவால் ஒரு பொட்டு வைத்துக் காட்டினார். லேசரால் சுட்டுவிடலாம், பார்வை தப்பும் என்றார். “இன்னும் சில மாதம் பொறுத்து வந்திருந்தால்...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“டோர்ச்சுல தெரியலையே,” என்றார் அப்பா.

“அதெல்லாம் டோர்ச்சில் தெரியாது ஐயா.”

அடுத்த கிழமை மயக்க மருந்து கொடுத்துச் சுட்டார்கள். இப்போது சில கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகிறோம். புதிதாகப் புள்ளி வரலாம் என்பதால் இன்னும் சில வருடம் போக வேண்டும். அம்மாவுக்கு விஷயம் முழுதும் சொன்னபோது, வயிற்றில் நான் இருக்கும்போது கிரகணத்தில் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதால்தான் என் கண் போனது என்று இத்தனை காலம் தனக்குள் நினைத்திருந்ததாகச் சொல்லி அழுதார். ஒரே காம்பராவில் அப்பா ஒரு ரகசியத்தையும் அம்மா ஒரு ரகசியத்தையும் வைத்துக்கொண்டு ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள்.

போன மாதம் பீலியில் தண்ணீர் பிடிக்கையில் பக்கத்துக் காம்பராக்காரர் கேட்டார், “என்னாண்ணே, பேத்திய அடிக்கடி கொழும்புக்கு கொண்டு போறீங்க?”

அப்பா பழக்க தோஷத்தில், “கவ்வாத்து...” என்று ஆரம்பித்தார். வாளி நிரம்பி வழிந்தது. நான் பின்னால் நிற்பதை அவர் பார்க்கவில்லை.

“கண்ணுல புத்துநோய்,” என்றார். “எம்மவன் கண்ணும் அதாலதான் போச்சு. ஒட்டாது. ஒன் பேரனையும் போட்டோ புடிச்சுப் பாரு, கண்ணு வெள்ளையா மின்னுச்சுன்னா சாமின்னு நெனைக்காத, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போ.”

அப்பாவின் வாளியைத் தள்ளி வைத்துத் தன் வாளியை வைத்தார் பக்கத்துக் காம்பராக்காரர். “அப்ப அந்தக் குச்சி?” என்றார்.

“அடுப்புல வச்சிட்டோம்.”

மகளுக்குப் பதினோரு மாதமானபோது நானும் ஒரு படம் எடுத்தேன். கண்ணின் சிவப்பைத் தானாகவே அழித்துவிடும் போன் என்பதால் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒளி அடித்து எடுத்தேன். பரிசோதனைக்கு இது ஈடாகாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தெரியும். இருந்தாலும் எடுத்தேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பு.

“என்னடா இது, புள்ள பேய் மாதிரி இருக்கா!” என்றார் அம்மா.

சட்டம் போட்டு, புது அட்டை வைத்து, சாமித் தட்டில் என் பக்கத்தில் நிறுத்தினேன். அம்மா விளக்கேற்றி, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு, எங்கள் இருவருக்கும் முன்னால் வந்ததும் கற்பூரத் தட்டைக் கீழே இறக்கிவிட்டார்.

“எங்களுக்கு இல்லையா?” என்றேன்.

“ஒனக்கு காட்டித்தான் பாத்தேனே,” என்றார். “கொழும்பு பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்பு.”